மாமன் வண்டியும் வரிசையில் வரட்டும்

மகளே, ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் பதிலே சொல்லவில்லை. அம்மாவுக்குக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கியிருந்தேன். "இந்தப் புகை டெஸ்ட் கடைய மூடிரலாம்னு இருக்கேம்மா" என்று நீ சொன்னதும், பாலை இறக்குவதா பதிலைச் சொல்வதா என்று ஒரு நிமிஷம் கையும் வாயும் ஓடவில்லை. பாலை இறக்கிவிட்டு வந்தால் நீ வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிடலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் ஒன்று சொல்ல வந்து வேறொன்றில் போய் நிற்கும் என்று உனக்கே தெரியும். எழுதினால் கொஞ்சம் வரிசையாக வரும். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை என்றாலும் கடிதம் எழுதாத கை இல்லை. இதில் ஒளிக்க ஏதுமில்லை, உன்னைப் போலக் கடை வைத்திருக்கிற பிள்ளைகளோ அவர்களைப் பெற்றவர்களோ படித்தாலும் படிக்கட்டும்.

முதலில், நான் நன்றாக இருக்கிறேன். மதியம் சாப்பிட்டேன், செத்த நேரம் படுத்தேன், இப்போது மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவல் இருந்துகொண்டு எழுதுகிறேன். மலைப் பக்கமிருந்து நல்ல காற்று. காகிதம் பறக்காமல் மேலே வடகக் கரண்டியை வைத்திருக்கிறேன். இதைச் சொல்லக் காரணம், அம்மா பயந்துபோய் எழுதுகிறாள் என்று நீ நினைக்கக் கூடாது. என் மனசு குளிர்ந்துதான் இருக்கிறது. உனக்கு நடந்திருப்பது கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது மூடுகிற அளவுக்கான கஷ்டம் இல்லை என்பது என் எண்ணம். அதைத்தான் மெதுவாகச் சொல்லப் போகிறேன்.

கிருஷ்ணன்கோவிலில் நீ அந்தத் தகரக் கொட்டகையைப் பிடித்து, புகைப் பரிசோதனை நிலையம் என்று போர்டு மாட்டியபோது நம் சொந்தத்தில் எத்தனை பேர் வாயைத் திறந்தார்கள்! "பொம்பளப்பிள்ளைய வண்டிக்குப் பின்னால உக்காந்து புகைய மோந்து பாக்கவா படிக்க வச்சீக?" என்று என்னிடமே கேட்டார்கள். எனக்கும் அது என்ன வேலையென்று பிடிபடவில்லை. முதல் நாள் வந்து, நீ ஒரு காரின் பின்குழாயில் இன்னொரு குழாயைச் செருகுவதைப் பார்த்துவிட்டு, "இத உள்ள விட்டா புகை சுத்தமாயிருமா, ஏட்டி?" என்று கேட்டேன். நீ சிரிக்காமல் சொன்னாய்: "இல்லம்மா. இது காய்ச்சல் பாக்கிற தெர்மாமீட்டர் மாதிரி. எம்புட்டுக் காய்ச்சல்னு சொல்லும். மருந்து மெக்கானிக்தான் குடுக்கணும்." அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. ராஜபாளையம் திரும்புகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம், என் மகள் வண்டிகளுக்குக் காய்ச்சல் பார்க்கிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த அம்மாள் சங்கரன்கோவில் போக வேண்டியவள். என் பேச்சில் இறங்குமிடத்தைக் கூட மறந்திருப்பாள்.

அப்புறம் அந்தக் கரண்ட் ஸ்கூட்டர்க்காரர். தினமும் காலையில் சத்தமில்லாமல் வந்து உன் கொட்டகை முன்னால் நிறுத்தி, வாயில் பீடியோடு, "அக்கா, என் வண்டிக்கும் ஒரு புகை டெஸ்ட் போட்டுக் குடுங்களேன்" என்று கேட்பாரே, அவர்தான். நீயும் விட்டாயா? "வண்டிக்கு வேண்டாம்ணே, உங்க வாய்க்குப் போடணும். குழாய எடுத்துட்டு வரவா?" என்றாய். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "சிரிங்க சிரிங்க. பெட்ரோல் டீசல் எல்லாம் போற காலம் வந்தாச்சு. பொறவு இந்தக் குழாய வச்சு என்ன பண்ணுவீக, தோட்டத்துக்குத் தண்ணி பாச்சுவீகளா?" அந்தப் பேச்சுதான் உன் மனதில் முள்ளாகத் தங்கியது என்று நினைக்கிறேன். அதற்கு மேல்தான் உன் மாமா வந்து சேர்ந்தான்.

உன் மாமாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெளியாள் யாராவது படித்தால் தெரிய வேண்டுமே. அவன் என் தம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறான், சொந்தமாக ஒரு பழைய டீசல் வேன் ஓட்டுகிறான். மற்ற நாளில் எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணி மூட்டைகளை ஏற்றுவான். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாளைப் பார்க்க, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலை மலைக்கோவிலுக்கு ஆள் ஏற்றுவான். உன் அப்பா போன பிறகு நம் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் முதல் ஆளாக வந்து நின்றவன். உனக்குக் காது குத்தியது அவன் மடியில்தான். உனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லாததால், உன் மகளுக்கும் தாய்மாமன் முறைக்கு அவன்தான் உட்கார வேண்டும். ஆவணி கடைசி முகூர்த்தத்தில் பேத்திக்குக் காது குத்து என்று நாள் குறித்து, ஆசாரிக்கும் சொல்லியாகிவிட்டது. மாமன் மடி இல்லாமல் காது குத்து எங்கே நடக்கும்? கம்மல் போடுகிற காதை விட மடிதானே அங்கே பெரிது.

இந்த நேரம் பார்த்து அவன் வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிகிறது, புகைச் சான்றிதழ் வேண்டும் என்று வந்தான். முதல் நாள் சாயங்காலமே ராஜபாளையத்துக்கு என்னிடம் வந்துவிட்டான். "அக்கா, பேண்டேஜ் துணி கெட்டியா நாலு மடிப்பு மடிச்சுக் குடு" என்றான். எதற்கென்று கேட்டேன். "காயத்துல வச்சுக் கட்டுனா சீழையே இழுக்குதுல்லா, புகைய இழுக்காதா? சைலன்சருக்குள்ள வச்சு அமுக்கிட்டா கருப்பெல்லாம் துணியில நின்னுரும், வெளிய வெள்ளக் காத்துதான் வரும்." நீ இப்போது சிரிப்பாய். ஆனால் இந்த ஊரில் பேண்டேஜ் துணிக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு நியாயமாகப் பட்டது தெரியுமா? "நாலு போதாதுலே, எட்டா மடிச்சுக்கோ" என்று நான்தான் மடித்துக் கொடுத்தேன். ஓரத்தை உள்ளே தள்ளி, நூல் பிரியாமல், ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற மாதிரி.

மறுநாள் நான் பேத்தியை வைத்துக்கொண்டு உன் கொட்டகையில்தான் இருந்தேன். வண்டி வந்த அழகு இருக்கிறதே! கழுவித் துடைத்து, கண்ணாடியில் சந்தனம், முன்னால் மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கல்லூரிப் பையன்கள் பைக்கோடு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் தன் காரில் சாய்ந்து நின்றார். மாமா வரிசையைப் பார்க்கவே இல்லை. "தள்ளுங்கப்பா, மருமவ கடை" என்று வண்டியை நேரே முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். நீயும் தடுக்கவில்லை. கேமராவில் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொண்டு, பின்னால் போய்க் குழாயைச் செருகினாய். அது பாதிக்கு மேல் போகவில்லை.

"மாமா, உள்ள என்னமோ அடைச்சிருக்கு."

"ஒண்ணுமில்ல மருமவளே, பழைய சைலன்சர், அதோட பாடி அப்பிடித்தான். நீ பாரு."

"சரி, ஆக்ஸிலேட்டர நல்லா மிதிச்சு விடுங்க. மெஷினுக்குக் காத்து பத்தல."

அவன் மிதித்தான். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். உன் குழாய் ஒரு பக்கம் விழுந்தது. நான் மடித்த துணி எட்டு மடிப்பும் விரிந்து, காக்கை நிறத்தில் பறந்து வந்து, அந்த வெள்ளை வேட்டிப் பெரியவரின் தோளில் துண்டு மாதிரி விழுந்தது. அதன் பின்னால் புகை. எங்கும் புகை. அந்தப் பெரியவர் தோளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "நான் சும்மா டெஸ்ட்டுக்குத்தானய்யா வந்தேன், எனக்கு எதுக்குப் பொன்னாடை?" என்றார். பையன்கள் கைதட்டி விசிலடித்தார்கள். டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மகளே, நீயும் சிரித்தாய். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உங்கம்மாதான் மடிச்சுக் குடுத்தா" என்று என்னைக் காட்டினான். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குழாயைச் செருகி, மறுபடியும் மிதிக்கச் சொல்லி, கம்ப்யூட்டரைப் பார்த்தாய். "ஃபெயில் மாமா. ரொம்பக் கூட இருக்கு. டீசல் பம்ப்பப் பாக்கணும், ஏர் ஃபில்டர மாத்தணும்." அப்போது அவன் சொன்னதைத்தான் நீ இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாய். "ஏட்டி, இந்த வண்டியெல்லாம் இன்னும் எம்புட்டு நாளைக்கு? எல்லாம் கரண்டுக்குப் போகப் போகுது. சாகப் போற கெழவனுக்கு எதுக்கு ரத்த டெஸ்ட்டு? பேசாம பாஸ்னு போடு." நீயும் சும்மா இருக்கவில்லை: "சாகப் போற கெழவன் இருமுனாலும், பக்கத்துல படுத்திருக்கிற பிள்ளைக்குத்தான மாமா தொத்தும்?" என்றாய். புகையில் பேத்தி அப்போது இருமிக்கொண்டுதான் இருந்தாள். "வேற எடத்துல வண்டி போகாமலே, போட்டோ மட்டும் அனுப்புனா பேப்பர் குடுத்துருவான், தெரியுமா?" என்றான் அவன். "அப்ப அங்கயே போங்க" என்றாய் நீ. அவன் மாலையைப் பிய்த்து உன் மேஜையில் போட்டான். "மாமன் வண்டிக்கு ஃபெயில் போட்டவ பிள்ளைக்கு மாமன் மடி எதுக்கு? அந்தக் கம்ப்யூட்டர் மடியிலயே வச்சுக் குத்துங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அவன் போன பிறகும் ரோட்டில் அந்தப் புகை கொஞ்ச நேரம் நின்றது.

அன்றிலிருந்து அவனிடம் பேச்சு இல்லை. நீ கூப்பிட்டால் எடுப்பதில்லை. மாப்பிள்ளையும், "சொந்தத்தப் பகைச்சுக்கிட்டு என்ன கடை, மூடிரு" என்கிறார். மதுரை ரோட்டில் கரண்ட் ஸ்கூட்டர் ஷோரூமில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், ஏசி அறை, புகை கிடையாது, யாரோடும் சண்டை கிடையாது என்று நீ சொன்னாய். எல்லாம் சரிதான். நான் கரண்ட் வண்டிக்கு எதிரி இல்லை. உன் சிநேகிதியின் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் வைத்து ஆண்டாள் கோவில் வரை கூட்டிப் போனாயே, நினைவிருக்கிறதா? வழியெல்லாம் நான் பேசியது எனக்கே கேட்டது. அப்படி ஒரு வண்டியில் அதுவரை போனதில்லை. எல்லா வண்டியும் அப்படி ஆகிற நாள் வரட்டும், முதல் தேங்காயை நான் உடைக்கிறேன்.

ஆனால் அந்த நாள் வருகிற வரைக்கும் இருக்கிற நாட்களை என்ன செய்வது? நான் வேலை பார்த்த பேண்டேஜ் துணிக் கம்பெனியில் ஒரு சமயம் பழைய தறிகளை எல்லாம் எடுத்துவிட்டுப் புதுத் தறி போடப் போகிறார்கள் என்று முடிவானது. எங்களுக்கெல்லாம் சந்தோஷம், சத்தம் குறையும், தூசி குறையும் என்றார்கள். புதுத் தறி ஒன்றொன்றாகத்தான் வந்தது. மீதிப் பழசு ஓடிக்கொண்டே இருந்தது. அப்போது ஒரு விநோதம் நடந்தது. போகப் போகிற தறிதானே என்று யாரும் அதற்கு எண்ணெய் விடுவதில்லை, தேய்ந்ததை மாற்றுவதில்லை. அதற்கு முன்னால் ஒழுங்காக ஓடிய தறி, போகப் போகிறது என்று சொன்ன நாளிலிருந்துதான் மோசமாக ஓடியது. துணியில் ஓட்டை, நூல் முடிச்சு, எண்ணெய்க் கறை. எனக்குத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கழிக்கிற வேலை. நான் கழித்துக்கொண்டே இருந்தேன். மேஸ்திரி வந்து, "எக்கா, தறியே போகப் போகுது, எதுக்கு இம்புட்டுப் பாக்கீக? கண்ண மூடிட்டு விடுங்க" என்றார். "தறி போகும் மேஸ்திரி, துணி ஆஸ்பத்திரிக்குல்லா போகுது. பழைய தறியில நெய்ததுன்னு புண்ணுக்குத் தெரியுமா?" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். கடைசித் தறியைக் கழற்றி லாரியில் ஏற்றுகிற நாள் வரைக்கும் நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு யாரும் எனக்கு மாலை போடவில்லை. ஆனால் இன்றைக்கும் யார் கையில் கட்டு இருந்தாலும் எனக்குத் தலை நிமிர்ந்துதான் இருக்கிறது.

உன் வேலையும் அதுதான். மதுரையில் ஒருவர் புதிதாகக் கரண்ட் கார் வாங்கினால், அவருடைய பழைய கார் ஆகாயத்துக்கா போகிறது? கொஞ்சம் தள்ளி விருதுநகரில் ஒருவர் வாங்குவார். அவர் ஓட்டித் தேய்த்ததும் நம் செட்டியார்பட்டியில் ஒருவர் வாங்குவார். புதுசெல்லாம் அங்கே சேரும், பழசெல்லாம் இங்கே சேரும். இங்கே சேர்கிற வண்டியைப் பார்க்க இங்கே ஒருத்தி வேண்டாமா? கடைசிக் காலத்து வண்டிதான் அதிகமாகப் புகை விடும். அதை ஓட்டுகிறவன்தான் புது வண்டிக்கு வழியில்லாதவன். அவன் பிள்ளைதான் அதே ரோட்டோரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும். அந்தக் கரண்ட் ஸ்கூட்டர்க்காரர் நாளைக்கும் கேட்டால் சொல்: வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையட்டும் அண்ணே, அதுவரை என் குழாய் சும்மா இருக்காது என்று. எல்லாம் ஓய்ந்த பிறகு நீ ஷோரூமுக்குப் போ, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஓயும் முன்னே போகாதே. மாமா முகத்தைத் தூக்கினான் என்பதற்காகப் போகவே போகாதே.

நீ போனை வைத்த மறுநாள் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். உனக்குச் சொல்லவில்லை. மாமா வீட்டு வாசலில் வேன் நின்றது. மாலை இல்லை, சந்தனம் இல்லை, மேலே புளியிலை உதிர்ந்து கிடந்தது. இரண்டு வாரமாகச் சவாரிக்கு எடுக்கவே இல்லையாம். உன் அத்தை என்னைக் கண்டதும் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்: "வாங்க மதினி. உங்க தம்பி வண்டிய விட அதிகமாப் புகையுதாக. ஒரு குழாய் இருந்தா கொண்டாந்திருக்கலாம்ல?" உள்ளே கட்டிலில் படுத்திருந்தவன் திரும்பிப் படுத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரமாகவே நின்றுகொண்டாள்.

"ஏலே, போட்டோ அனுப்புனாலே பேப்பர் குடுப்பாகன்னியே, ஏன் வாங்கல?"

"வாங்கல."

"அதான் ஏன்னு கேக்கேன்."

என் பக்கம் திரும்பினான். "அவ கையால வாங்குனாத்தான்க்கா நல்லாருக்கும். நான் மடியில வச்சுக் காது குத்துன பிள்ள. ஊரான் பேப்பர வண்டியில ஒட்டிக்கிட்டு அவ கடை முன்னால நான் எப்பிடி ஓட்டுவேன்?" என்றான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். "ஃபெயில் போட்டதுக்கு இல்லக்கா. ஃபெயில்னா ஃபெயில்தான், வண்டி எனக்குத் தெரியாதா? மூட்டை இழுக்கட்டும்னு நான்தான் பம்ப்ப முறுக்கி டீசலக் கூட்டி வச்சிருந்தேன். ஆனா அம்புட்டுப் பயலுகளுக்கு முன்னால அவ சிரிச்சா பாரு. பயலுக சிரிச்சா எனக்கென்ன. அவ சிரிச்சா."

மகளே, அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாம் எல்லோரும் கம்ப்யூட்டர் சொன்ன எண்ணில்தான் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நானும் முந்தானைக்குள் சிரித்தவள்தான் என்பதால், "சிரிப்பு வந்தா என்னலே பண்ணுவா, எனக்கும்தான் வந்துச்சு" என்றேன். "நீ சிரி. உன்ட்ட நான் சின்னப்பிள்ளையிலிருந்து அடியே வாங்கியிருக்கேன்" என்றான். கதவோரம் உன் அத்தை முதல் தடவையாகச் சிரித்தாள்.

அப்புறம் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு வந்திருப்பதையும் சொன்னான். அதாவது விட்டு, சரிபார்த்து, எடுத்தும் வந்துவிட்டான். பம்ப்பைப் பழைய அளவுக்கு இறக்கியாயிற்று, ஃபில்டர் புதுசு. "இழுவை கொஞ்சம் கொறஞ்சுதான் போச்சு. திருவண்ணாமலை போறப்ப ஆளக் கொறச்சு ஏத்திக்கிட வேண்டியதுதான்" என்றான். வாசலில் ஒரு தடவை வண்டியை முறுக்கியும் காட்டினான். எனக்கு ஒன்றும் கருப்பாகத் தெரியவில்லை. ஆனால் என் கண்ணுக்குத் தெரியாதது உன் மெஷினுக்குத் தெரியும். அடுத்த திங்கட்கிழமை டெஸ்ட்டுக்குக் கொண்டு வருவதாகச் சொன்னான். காது குத்துக்கு வருவாயா என்று கேட்டேன். "பாஸ் ஆனா வாரேன்" என்றான், இன்னும் வீம்பு விடாமல். "அப்ப நீ மாமனா வரல, வண்டியா வார" என்றேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேன் மேலே ஏறிப் புளியிலையைக் கூட்ட ஆரம்பித்துவிட்டான்.

இப்போது கேள். வருகிற திங்கட்கிழமை காலையில் நாங்கள் வருகிறோம். முன் சீட்டில் நான் உட்கார்ந்து வருகிறேன். மாமன் என்று முன்னால் கூப்பிடாதே, வரிசைப்படி கூப்பிடு. இந்தத் தடவை அவனும் வரிசையில்தான் நிற்பான், நான் சொல்லியிருக்கிறேன். எத்தனை பைக் முன்னால் நின்றாலும் நிற்போம், எனக்கு ஒரு டீ மட்டும் அனுப்பு. மெஷின் என்ன சொல்கிறதோ அதையே எழுது. எண்ணில் கூட்டாதே, குறைக்காதே. பாஸ் என்றால் சத்தமாகச் சொல், டீக்கடை வரைக்கும் கேட்கட்டும், அந்தக் கரண்ட் ஸ்கூட்டர்க்காரரும் இருந்தால் இன்னும் நல்லது. ஃபெயில் என்றால் அவனைக் கொட்டகைக்குள்ளே கூப்பிட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, எது சரியில்லை, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல். உனக்கு நான் சொல்கிற புத்தி இந்த ஒன்றுதான். நம் பக்கத்தில் புகைகிற வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் யாராவது ஒருவருக்கு மாமன்தான். அவர்களுக்கும் ரோஷம் இருக்கிறது. ரோஷத்தைக் கெடுத்துவிட்டால் போட்டோ அனுப்பிப் பேப்பர் வாங்கிக்கொண்டு அதே புகையோடு போவார்கள். கெடுக்காமல் சொன்னால் வண்டியைச் சரி பண்ணிக்கொண்டு திரும்ப உன்னிடமே வருவார்கள். உன் மாமா வருகிறானே, பார்.

மதியத்துக்குப் புளிக்குழம்பும் கருவாடும் கொண்டு வருகிறேன், மூன்று பேருக்கும். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் இல்லையென்றால் நான்கு பேருக்கும். பாஸ் ஆனாலும் ஆகாவிட்டாலும் சோறு உண்டு.

மடியைப் பற்றிக் கவலைப்படாதே. நான் கிளம்புகிற நேரம், அவன் வேன் மேலே இருக்கும்போது, உன் அத்தை என்னை உள்ளே இழுத்துப் போய் பீரோவைத் திறந்து காட்டினாள். பேத்திக்குப் பட்டுப் பாவாடை, சின்னக் கம்மல், அதற்கடியில் அவனுக்கு ஒரு புது வேட்டி, கஞ்சி மடிப்புக் கலையாமல். நீ ஃபெயில் போட்டாயே, அதற்கு மறுநாளே போய் எடுத்து வந்துவிட்டானாம். "மடியில பிள்ள உக்காரும்ல, பழசு எதுக்கு?" என்றானாம். இது உனக்குத் தெரியும் என்று அவனிடம் காட்டிக்கொள்ளாதே. திங்கட்கிழமை வரைக்கும் அவன் கோபமாகவே இருக்கட்டும்.